3.9 முந்தியதா, 3.10 முந்தியதா?

மென்பொருளின் பதிப்பு எண் ஒரு தசம எண் என்ற நம்பிக்கை, நிரல் எழுதுகிறவர்களிடமும் வேரோடியிருக்கிறது. கணக்குப் பாடப்படி 3.10 என்பது 3.1தான், 3.9ஐவிடச் சிறியது. பைத்தான் மொழியிலோ 3.9 வந்தது 2020 அக்டோபரில், 3.10 வந்தது அதற்கடுத்த அக்டோபரில். சிங்கம்புணரி தாலுகா அலுவலகத்துக்குப் பட்டா மாறுதலுக்காக வருபவருக்கு இந்தக் குழப்பம் கிடையாது. சர்வே எண் 125/10 என்றால் பத்தாவது உட்பிரிவு, 125/9க்குப் பின்னால் வருவது. நடுவிலுள்ள சாய்கோட்டைப் பார்த்து யாரும் வகுத்தல் போட்டு 12.5 என்பதில்லை. பதிப்பு எண்ணில் வரும் புள்ளியும் பிரிகோடுதான். கணினிக்கு அது தெரியாது. யாமல் (YAML) எனும் அமைப்புக் கோப்பில் மேற்கோள் குறியில்லாமல் 3.10 என்று எழுதினால், அதை 3.1 என்றே வாசித்துவிட்டு ரொம்பப் பழைய பைத்தானைத் தேடிப் போகும்.

எண்ணாகப் பார்ப்பதுதான் கோளாறு, எழுத்துத் தொடராக ஒப்பிடலாமே என்பார்கள். அப்போது ஒப்பீடு இடமிருந்து வலமாக ஒவ்வொரு எழுத்தாக நடக்கும். 1 என்ற எழுத்து 9க்கு முந்தியது. உதாரணமாக, தமிழ்ப் பின்னக் குறிகளைக் கொண்ட கூடுதல் தொகுதி 2019 மார்ச்சில் யூனிகோடு 12.0இல் சேர்ந்தது. ‘12.0’ ‘9.0’ஐவிடப் பழையது என்று தீர்ப்புச் சொல்லும் நிரலுக்கு அந்தக் குறிகள் இருந்தும் இல்லாததுதான். 2009இல் ஒபேரா உலாவியின் பத்தாம் பதிப்பு, முதல் இலக்கத்தை மட்டும் படிக்கும் இணையதளங்கள் தன்னை ஒன்றாம் பதிப்பு என்று நினைக்காமலிருக்க, 9.80 என்றே தன்னை அறிவித்துக்கொண்டது. தப்பு யாருடையது, பொய் சொல்ல வேண்டியிருந்தது யாருக்கு!

புள்ளியில் உடைத்து, ஒவ்வொரு துண்டையும் முழு எண்ணாக ஒப்பிடுவது இவற்றைவிட மேல். ஆனால் 2.0.0-rc1 போன்ற வெள்ளோட்டப் பதிப்பு வந்ததும் அதுவும் தடுமாறும். செம்வெர் (SemVer) எனும் பதிப்பெண் விதிப்படி அது 2.0.0க்கு முந்தியது. டெபியன் லினக்ஸிலோ அந்தச் சிறுகோட்டுக்குப் பின்னால் வருவது பொதிசெய்தவரின் திருத்த எண். ஆகவே அதே தொடர் 2.0.0க்குப் பிந்தியது. முந்தியது என்று காட்ட அங்கே 2.0.0~rc1 என்று அலைக்குறி போட வேண்டும். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான் என்பதால், இது நமக்குத் தொலைதூரச் சங்கதியல்ல. ஒரே எழுத்துக்கோவைக்கு இரண்டு எதிரெதிர் விடைகள், இரண்டும் சரி. எந்தக் குடும்பத்தின் எண் என்று தெரியாமல் ஒப்பிடவே முடியாது.

எல்லோரும் ஒரே விதிக்கு வந்துவிட்டால் என்ன என்பது நியாயமான கேள்வி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் வரலாம். ஏற்கெனவே வெளியான எண்களை யார் மாற்றுவது? டொனால்டு நூத்தின் டெக் (TeX) அச்சுக்கோப்பு மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்துக்கும் பை எண்ணின் இன்னொரு இலக்கத்தைச் சேர்த்துக்கொள்கிறது, 2021இல் 3.141592653. ஒப்பீட்டு நிரலை மூன்று வரியில் நானே எழுதிவிடுவேன் என்பவருக்குப் பதில் இது: டெபியனுக்கு டிபிகேஜி (dpkg) கருவியிலும் பைத்தானுக்கு பேக்கேஜிங் நூலகத்திலும் அவரவர் விதியறிந்த ஒப்பீடு தயாராக இருக்கிறது. பல இடங்களில் எண்ணைக் கேட்கவே தேவையில்லை. முந்திரி எனும் 1/320 பின்னக் குறி வேண்டுமென்றால், அந்தக் குறி கணினிக்குத் தெரியுமா என்று நேராகவே சோதித்துவிடலாம்.