கீல் கைக்கு வந்த பிறகு உளியை எடு

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. முழங்கால் மட்டும் மழை வருமுன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. மற்றபடி குறையில்லை.

நீ அனுப்பிய படங்களைப் பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். தாத்தா வீட்டு வாசற்கதவின் தேக்கை அறுத்து, துளையும் கழுந்தும் நீயே வெட்டி ஓர் அலமாரியை நிறுத்திவிட்டாய். கழுந்தில் ஒரு மயிரிழை சந்து தெரிகிறது. முதல் வேலைக்கு அது ஒரு குற்றமே இல்லை.

கீல் மட்டும்தான் பாக்கி, தங்கம் போலப் பளபளக்கும் ஜோடி ஒன்று கடையில் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. காரணத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

நீ அறுத்த அந்த வாசற்கதவுக்குக் கீலே கிடையாது, கவனித்தாயா? மரத்திலேயே விட்ட குடுமி. கீழ்க்குடுமி கல் குழியில் உட்கார்ந்திருக்கும், மேல்குடுமி நிலையின் துளைக்குள் நிற்கும். கதவின் எடை முழுவதும் நேராகத் தரைக்குப் போய்விடும். கீல் வந்த பிறகு அந்த எடையெல்லாம் பக்கவாட்டில், நாலைந்து ஸ்க்ரூவின் மேல் தொங்குகிறது. அதனால் கீலை அலங்காரச் சாமானாக நினைக்காதே. அது சுமை தூக்குகிற ஆள்.

நான் இதைக் கற்றது ஒரு அவமானத்தில். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்குப் பூஜை அலமாரி செய்தேன். மரத்துக்கு நாள் கணக்கில் செலவழித்தவன், கீலை மட்டும் கடைசி நாள் மாலையில், கையில் மிஞ்சிய காசுக்கு வாங்கினேன். மஞ்சளாக மின்னியது. அடுத்த வருஷம் வேறு வேலையாக அந்த வீட்டுக்குப் போனேன். ஒரு கதவு கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. இன்னொன்றை அந்த வீட்டுப் பாட்டி பூக்கட்டும் நாரால் கட்டி வைத்திருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, காபிதான் கொடுத்தார். கழன்ற கீலை எடுத்துப் பார்த்தேன். கம்பி நுழையும் கணு முறிந்த இடத்தில் உள்ளே வெள்ளையாக இருந்தது. துத்தநாகக் கலவை வார்ப்புக்கு மஞ்சள் முலாம்.

ஆகவே கடையில் கண்ணை நம்பாதே, கையை நம்பு. பையில் ஒரு சின்னக் காந்தமும் ஒரு அரமும் எடுத்துப் போ. காந்தத்தைக் கீலின் தகட்டில் வை. ஒட்டினால் இரும்பு, மேலே முலாம். நடுக்கம்பியில் மட்டும் ஒட்டினால் பித்தளைக் கீலுக்குள் இரும்புக் கம்பி. ஒட்டாவிட்டாலும் உடனே சந்தோஷப்படாதே, துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது. மாதிரிக்கு ஒன்றை விலை கொடுத்து வாங்கி, மரத்துக்குள் மறையும் பக்கத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழு. உள்ளேயும் மஞ்சள் என்றால் முழுப் பித்தளை.

பிறகு இரண்டு தகட்டையும் இரண்டு கையில் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார். கணுக்களுக்கு நடுவே லொடலொடவென்று ஆடினால் வைத்துவிடு. இங்கே இருக்கும் ஆட்டம் கதவைக் கைப்பிடிப் பக்கம் தொங்கவைக்கும். நல்ல கீல் சற்றே இறுக்கமாக, ஒரே சீராகத் திரும்பும். மூடினால் இரண்டு தகடும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். ஸ்க்ரூ துளையில் ஒரு ஸ்க்ரூவைப் போட்டுப் பார். தலை தகட்டோடு தகடாக அமர வேண்டும். துருத்திக்கொண்டு நின்றால் கதவு முழுதாக மூடாது.

பித்தளைக் கீலுக்கு ஐ.எஸ். 205, இரும்புக் கீலுக்கு ஐ.எஸ். 1341 என்று தரக்குறியீடு உண்டு. கேட்டுப் பார். ஆனால் பெட்டியில் எண் இருக்கிறது என்பதற்காகக் காந்தத்தைப் பைக்குள்ளேயே வைத்துவிடாதே.

நீ இருப்பது நாகப்பட்டினம். உப்புக்காற்றில் இரும்புக் கம்பி துருவேறி, தேக்கில் கறுப்புக் கறையை இறக்கும். அதனால் கம்பியும் பித்தளையாகவோ எஸ்.எஸ். ஆகவோ இருக்கட்டும். பித்தளை மங்குமே என்று கவலைப்படாதே. மங்கிய பித்தளை தேக்குக்கு அழகு.

ஆட்டோ கீல் போடலாமா என்றும் கேட்டிருந்தாய். சமையலறை பிளைவுட் கதவுக்கு அது அருமையான சாமான். மாட்டிய பிறகும் ஸ்க்ரூவைத் திருகிக் கதவை நேராக்கலாம். ஆனால் கதவுக்குள் பதியும் அதன் கிண்ணத்துக்கு 35 மில்லி விட்டத்தில் குழி போட வேண்டும். உன் கதவுச் சட்டமே 5 சென்டிமீட்டர் அகலம்தான். பாதிக்கு மேல் தின்றுவிடும். இந்த அலமாரிக்கு வேண்டாம்.

இப்போது கணக்கு. உன் கதவு 75 சென்டிமீட்டர் உயரம், 45 அகலம், எடை நாலரை கிலோ வரும். 2 அங்குலக் கீல் இரண்டு போதும். மேலும் கீழும் ஒரு கீல் நீளம் விட்டுப் பொருத்தினால் இரண்டு கீலின் மையங்களுக்கு நடுவே 60 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். அப்போது மேல் கீலை வெளியே இழுக்கும் பாரம் சுமார் 1.7 கிலோ. அதே கீல்களை 30 சென்டிமீட்டருக்கு நெருக்கினால் இழுப்பு இரட்டிப்பாகும். உன் வீட்டுச் சின்னவன் கதவு நுனியில் தொங்குவான் என்று வை. 12 கிலோப் பிள்ளை என்றால் இன்னும் 9 கிலோ சேரும். தொங்கத்தான் போகிறான், அதையும் சேர்த்தே கீல் வாங்கு. கதவு இன்னும் உயரமாக இருந்திருந்தால் மூன்றாவது கீல் கேட்டிருப்பேன்.

பொருத்தும்போது அவசரம் கூடாது. கீலையே மரத்தில் வைத்துக் கூர்கத்தியால் கோடு கிழி, பென்சில் வேண்டாம். உள்பக்கம் நாலைந்து மில்லி மரம் மிஞ்சட்டும். கோட்டுக்குள் உளியால் வெட்டும் பள்ளம் ஆழம் அதிகமானால் கீல் கட்டிக்கொண்டு, மூடிய கதவு தானாகத் திறக்கும். அப்படி ஆனால் பதறாதே, கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு துண்டு வெட்டித் தகட்டின் அடியில் கொடு. பித்தளை ஸ்க்ரூ மென்மையானது, தேக்கில் நேரே முறுக்கினால் தலை துண்டாகிவிடும். முதலில் துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஏற்றிக் கழற்று. பிறகு பித்தளை ஸ்க்ரூவில் சோப்பு தடவி ஏற்று. கதவைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் நுழையும் சந்து விடு. ஐப்பசி அடைமழையில் மரம் ஊதும்.

பார், இடைவெளி, பள்ளம், சந்து எல்லாமே கீலின் அளவைப் பார்த்துத்தான் முடிவாகின்றன. அந்தப் பூஜை அலமாரியில் நான் செய்த தப்பு மலிவான கீலை வாங்கியது மட்டுமல்ல, கீலைக் கடைசியில் வாங்கியதும்தான். மரத்துக்கேற்ற கீலைத் தேடி அலையாதே. கீலை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டு மரத்தை வெட்டு. அடுத்த அலமாரிக்கு இதையே முதல் வேலையாக வைத்துக்கொள்.

கதவை இன்னும் கடைசி அளவுக்கு இழைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். நல்லவேளை. இழைப்புளியைக் கீழே வை. கீல் வந்ததும் எனக்கு ஒரு போன் போடு, பிறகு உளியை எடு.

அன்புடன்,
பெரியப்பா