மறதிநோயுள்ள வயோதிபருக்குக் காலை வெளிச்சம்

அஸர் தொழுகை முடிந்து பொழுது சாய்கிறது. உங்கள் மூத்தம்மா புதிய வீட்டு வாசலில் நின்று, "வாங்க, நம்மட வீட்ட போவம்" என்கிறாரா? இரவில் எழுந்து நடமாடிவிட்டுப் பகலில் தூங்குகிறாரா? அவரை ஏசாதீர்கள். இது மறதிநோயின் (டிமென்ஷியா) அறிகுறியாக இருக்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் முகாம், கொட்டில், புதிய வீடு என்று இடம் மாறியவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் இன்னும் கூடும்.

வெளிச்சம் ஏன் தேவை?

மூளையில் பகலையும் இரவையும் பிரித்தறியும் ஒரு கடிகாரம் உண்டு. கண்ணில் படும் வெளிச்சமே அதைச் சரிசெய்கிறது. மறதிநோயில் அக்கடிகாரம் பலவீனமடைகிறது. நாள் முழுவதும் அறைக்குள் இருப்பவருக்கு அது மேலும் குழம்பும்.

நெதர்லாந்தில் 12 பராமரிப்பு இல்லங்களில் 189 முதியவர்களிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. பகலில் கூடத்தில் சுமார் 1,000 லக்ஸ் வெளிச்சம் வைத்தபோது மனச்சோர்வு குறைந்தது. ஞாபகம் மங்கும் வேகமும் சிறிதளவு தணிந்தது. லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. வீட்டு மின்குமிழ் தருவது பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். திறந்த வெளியிலோ மப்பான நாளிலும் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். ஆகவே விலை கூடிய விளக்கு வேண்டியதில்லை. சாய்ந்தமருதில் கடல் கிழக்கே இருப்பதால் காலை வெயில் தடையின்றி வருகிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

1. தினமும் ஒரே நேரத்தில், காலை 9 மணிக்கு முன்னர், அரை மணி முதல் ஒரு மணி நேரம் வெளியே இருத்துங்கள். தேநீரை அங்கேயே கொடுக்கலாம். சூரியனை நேரே பார்க்க விடாதீர்கள்.

2. பழைய வளவில் வேலி இருந்தது; பெண்கள் முற்றத்தில் இருந்தார்கள். புதிய வீட்டில் மதில் இல்லாததால் பல மூத்தம்மாமார் உள்ளேயே முடங்கிவிட்டார்கள். கிடுகினாலோ தகரத்தினாலோ ஒரு மறைப்புக் கட்டி, மேல்புறத்தைத் திறந்து விடுங்கள்.

3. மாடி வீடென்றால் கிழக்கு யன்னலின் திரைச்சீலையை விலக்கி, கதிரையை அருகில் போடுங்கள்.

4. மஃரிபுக்கு முன்னரே விளக்குகளைப் போடுங்கள். நிழல்கள் அவரைப் பயமுறுத்தும். இஷாவுக்குப் பின்னர் வெளிச்சத்தைக் குறையுங்கள். மலசலகூடத்துக்குப் போகும் வழியில் மட்டும் சிறிய மஞ்சள் விளக்கு எரியட்டும்.

5. "வீட்ட போவம்" என்றால் வாதாடாதீர்கள். கையைப் பிடித்துச் சற்று நடந்து, பழைய கதையைக் கேட்டுத் திரும்புங்கள்.

கவனிக்க

வெளிச்சம் நோயைக் குணமாக்காது. மருந்தை நிறுத்த வேண்டாம். கண்நோய் உள்ளவர்களும், வெயில் பட்டால் தோல் பாதிக்கும் மருந்து எடுப்பவர்களும் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். தலைச்சுற்று வந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுவாருங்கள்.

ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் வந்தால் அது வேறு விடயம். சிறுநீர்த் தொற்று, சீனி குறைதல் போன்றவை காரணமாகலாம். தாமதிக்காமல் சாய்ந்தமருது வைத்தியசாலைக்கோ, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்லுங்கள்.

இரவில் கண்விழிப்பவர் பெரும்பாலும் வீட்டு மகள்தான். காலையில் மூத்தம்மாவை வெளியே இருத்தும் முறையை வீட்டிலுள்ள மற்றவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இரவில் உறங்கினால் மகளும் உறங்குவாள்.