பூட்டிக்கொண்ட விண்டோஸ் லேப்டாப்பைத் திறக்கும் வழி

விண்டோஸ் லேப்டாப் பாஸ்வேர்டை ஏற்க மறுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கீபோர்டை. கேப்ஸ் லாக் விழுந்திருக்கலாம். தமிழ்த் தட்டச்சும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: திரையின் வலது கீழ் மூலையில் மொழி தமிழுக்கு மாறியிருந்தாலும், பாஸ்வேர்டு பெட்டியில் வெறும் புள்ளிகளே தெரியும். பெட்டியின் ஓரத்திலுள்ள கண் குறியை அழுத்தினால் உண்மையில் விழுந்த எழுத்துகள் தெரிந்துவிடும். மூலையிலுள்ள மொழிக் குறியைச் சொடுக்கி ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும்.

அடுத்து, கேட்பது பின் நம்பரா பாஸ்வேர்டா என்று கவனிக்க வேண்டும். பின் அந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டுமே உரியது. பாஸ்வேர்டு கணக்குக்கு உரியது. பின் மறந்திருந்தால், பெட்டியின் கீழுள்ள உள்நுழைவுத் தேர்வுகளில் சாவிக் குறியைத் தொட்டுப் பாஸ்வேர்டு கொடுத்துப் பார்க்கலாம். போனில் பாஸ்வேர்டை மாற்றியபின் லேப்டாப் இன்னும் இணையத்தோடு சேரவில்லை என்றால், அது பழைய பாஸ்வேர்டையே எதிர்பார்க்கும். பூட்டுத் திரையிலேயே வைஃபையில் இணைத்துவிட்டுப் புதியதைக் கொடுக்க வேண்டும்.

இதற்கும் திறக்காவிட்டால், அது எந்த வகைக் கணக்கு என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது. பெயரின் கீழ் மின்னஞ்சல் முகவரி தெரிந்தால் அநேகமாக மைக்ரோசாஃப்ட் கணக்கு. போனிலோ வேறு கணினியிலோ மைக்ரோசாஃப்ட் தளத்துக்குப் போய், பதிந்த எண்ணுக்கு வரும் குறியீட்டைக் கொடுத்துப் புதுப் பாஸ்வேர்டு வைக்கலாம். அந்த எண் கைவிட்டுப் போயிருந்தால் கணக்கு மீட்புப் படிவம் இருக்கிறது. ஒரு நாளில் இரண்டு முறை வரை நிரப்பலாம். இந்த நேரத்தில் கூகுளில் தேடி, கண்ணில் படும் 'கஸ்டமர் கேர்' எண்ணுக்கு அழைத்து ஓடிபி சொல்வதுதான் பெரிய ஆபத்து.

லேப்டாப்புக்குள் மட்டும் உருவாக்கிய கணக்கு என்றால், ஒருமுறை தவறான பாஸ்வேர்டு கொடுத்ததும் மீட்டமைக்கும் இணைப்பு தெரியும். முன்பு பதிந்த மூன்று பாதுகாப்புக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் வேலை முடிந்தது. அதே லேப்டாப்பில் அட்மின் உரிமையுள்ள இன்னொருவர் இருந்தால் அவரும் மாற்றித் தரலாம்.

டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவியை நீலத் திரையில் கேட்பது வேறு விஷயம். பயாஸ் அப்டேட் ஆனாலோ மதர்போர்டு மாற்றினாலோ இது வரும். திரையில் காட்டும் சாவி அடையாளத்தைக் குறித்துக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்துள்ள சாவிகளில் அதே அடையாளம் உள்ளதைத் தேட வேண்டும். சாவி கிடைக்காவிட்டால் மைக்ரோசாஃப்டே நினைத்தாலும் அந்த டிஸ்க்கிலுள்ள கோப்புகளைத் திறக்க முடியாது.

சர்வீஸ் கடையில் 'ஃபார்மேட் பண்ணிடலாம்' என்பார்கள். உடனே தலையாட்டக் கூடாது. பிட்லாக்கர் போடாத டிஸ்க் என்றால், கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு கணினியில் படங்களையும் ஆவணங்களையும் நகலெடுத்துவிடலாம். அதன்பின், ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் திரையில் எல்லாவற்றையும் நீக்கி மீட்டமைக்கும் தேர்வை எடுக்கலாம். அலுவலக லேப்டாப்பில் இதைச் செய்யவே கூடாது. அதை ஐடி பிரிவிடம் கொடுப்பதே முறை.

உள்ளே நுழைந்ததும் தற்போதைய போன் எண்ணைக் கணக்கில் சேர்த்து, பிட்லாக்கர் சாவியைத் தாளில் அச்செடுத்து லேப்டாப் பையில் அல்லாமல் வேறிடத்தில் வைக்க வேண்டும்.