ஒரு திங்களில் மூன்று நூல்கள்

எங்கள் தமிழ் மன்றத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. திங்கள்தோறும் இறுதி வெள்ளிக்கிழமை மாலையில், அத்திங்களில் தாம் படித்த நூல்களைப் பற்றி மாணவர்கள் ஐந்து நிமிடம் பேச வேண்டும். நானும் ஒரு முறை பேசினேன். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யை வானளாவப் புகழ்ந்தேன். கைதட்டலும் பெற்றேன். பின் வரிசையில் அமர்ந்திருந்த பேராசிரியர் எழுந்து, “தம்பி, கடைசியில் அந்த மரம் என்ன ஆயிற்று?” என்று மெல்லக் கேட்டார். “இன்றும் தழைத்து நிற்கிறது, ஐயா” என்றேன். மன்றமே சிரித்தது. நான் படித்திருந்தது பின்னட்டையை மட்டுமே!

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த ஒரு திங்களுக்குள் மூன்று நூல்களையேனும் முதலிலிருந்து முடிவு வரை படிப்பதென உறுதி பூண்டேன். அவற்றைப் பற்றி நான் கொண்ட கருத்துகளை நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எடுத்தது அந்தப் புளியமரத்தையேதான். 1966-இல் வெளிவந்த இது ஆசிரியரின் முதல் நாவல். மரம் யாருக்கும் நன்மையும் நினைக்கவில்லை, தீமையும் நினைக்கவில்லை, வெறுமனே நின்றது. அதைச் சுற்றி ஊர் வளர்ந்தது, கடைகள் வந்தன, வாணிபப் போட்டியும் அரசியற் பகையும் வந்தன. இறுதியில் மனிதரின் பகைக்கு மரம் பலியாகிறது. குமரி மாவட்டப் பேச்சு வழக்கு முதல் இருபது பக்கங்களில் என்னைத் தடுமாறச் செய்தது. பின்னர் அதுவே கதையின் சுவையாயிற்று. தாமோதர ஆசான் கதை சொல்லும் பகுதிகளை இருமுறை படித்தேன். ஒரு குறையும் பட்டது. அந்தக் கடைத்தெருவில் ஆண்களின் குரல் கேட்கும் அளவுக்குப் பெண்களின் குரல் கேட்கவில்லை.

இரண்டாவது, டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்து, 1942-இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்ற நூல் இது. 1950-இல் புத்தகமாயிற்று. நூலின் பருமனைக் கண்டு அஞ்சினேன். ஆயினும் நடை ஆற்றொழுக்காக அழைத்துச் சென்றது. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த அவர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் செல்கிறார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் வரிசையாகச் சொல்கிறார். முதலியாரோ வியக்கவில்லை, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவுகிறார். ஐயர் சினங்கொள்ளவில்லை, படித்ததாகப் பொய்யும் சொல்லவில்லை. தேடத் தொடங்கினார். புரியாத சமணக் கருத்துகளை அவ்வூர்ச் சமணர்களிடமே சென்று கேட்டுத் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்பியதன் பயன் அது. இவ்விடத்தைப் படிக்கையில், மன்றத்தில் நான் நின்ற நிலை என் கண்முன் வந்தது. சிறப்புச் செய்தவர்கள் பற்றிய விவரங்கள் சில இடங்களில் நீள்கின்றன என்பது என் தாழ்மையான எண்ணம். ஆனால் நன்றி மறவாத உள்ளம் அப்படித்தான் எழுதும் போலும்.

மூன்றாவது, இராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வைக் களத்தில் கண்டறிந்து எழுதி, 1979-இல் வெளியிட்ட நாவல். இதைப் பற்றி எழுதுமுன் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். என் தாயார் உப்பளத்தில் கூலி வேலை செய்பவர். விடுதியில் நண்பர்கள் கேட்டபோதெல்லாம் “வீட்டில் உப்பு வியாபாரம்” என்றே சொல்லி வந்தேன்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. விடுமுறைக்கு ஊர் சென்றபோது இரவுதோறும் நான் வாசிக்க, வெடித்த பாதங்களில் எண்ணெய் தடவியபடி அம்மா கேட்டார். பொன்னாச்சியின் துன்பங்களுக்கு ‘உச்’ கொட்டினார். கண் கூசும் வெயிலைப் பற்றிய இடம் வந்ததும், “ஏல, அத இன்னொரு மட்டம் வாசி” என்றார். வாசித்தேன்.

“இத எழுதுனது எந்த ஊருக்காரி?”

“முசிறியில பொறந்தவங்கம்மா. இங்க வந்து பாத்து எழுதுனாங்க.”

“வந்து பாத்தாளாக்கும்!” என்று சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: “எல்லாம் நெசந்தாம்ல. ஆனா நாங்க அளத்துல சிரிக்கவுஞ் செய்வோம். உப்பு வாரும்போது கங்காணிய நாங்க பண்ணுத கேலி இருக்கே! அதயும் இன்னுங் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.”

நான் எத்தனையோ மதிப்புரைகளைப் படித்திருக்கிறேன். இதற்கு இணையாக ஒன்றைக் கண்டதில்லை. எங்கோ பிறந்த ஒருவர் வெயிலில் வந்து நின்று கண்டதை, அங்கேயே பிறந்த நான் மறைத்துத் திரிந்தேனே என்ற நாணம் என்னை வாட்டியது.

நண்பர்களே! இம்மூன்று நூல்களும் எனக்குக் கற்பித்தவை இவை. முடிவு வரை படிக்காத நூலுக்குக் கருத்துச் சொல்வது பார்க்காத சரக்குக்கு விலை கூறுவது போன்றது. புகழ்ச்சி மட்டுமே கருத்தாகாது. உடன்படாத இடத்தையும் காரணத்தோடு குறித்தல் வேண்டும். நூல் யாரைப் பற்றியதோ, அவர்களுக்கு அதை வாசித்துக் காட்ட வாய்ப்புக் கிடைத்தால் நழுவவிடலாகாது.

அடுத்த வெள்ளிக்கிழமை மன்றத்தில் மீண்டும் பேசினேன். அம்மா சொன்னதை அம்மாவின் சொற்களிலேயே சொன்னேன். அவர் செய்யும் வேலையையும் சொன்னேன். அன்று எவரும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் விடுதி நண்பர் ஒருவர் வந்து, “அந்தப் புத்தகத்தைக் கொடு, என் தகப்பனார் செங்கற்சூளையில் வேலை பார்க்கிறார்” என்றார். நூல் இப்போது அவரிடம் இருக்கிறது.

— இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு மாணவன்