தாலி கட்டினால் குடியுரிமை வருமா?



சினிமாவில் பார்த்திருப்போம். வெளிநாட்டுப் பெண்ணைக் கதாநாயகன் கல்யாணம் செய்துகொள்வான். அடுத்த காட்சியிலேயே அவள் பட்டுச்சேலை கட்டி நம்ம ஊர்க்காரி ஆகிவிடுவாள். நிஜத்தில் தாலி வேறு, தங்கும் உரிமை வேறு. தாலி கட்ட இரண்டு பேர் சம்மதம் போதும். தங்குவதற்கு அரசாங்கத்தின் சம்மதமும் வேண்டும்.

நான் வக்கீல் இல்லை. மின்னியல் துறை இரண்டாம் ஆண்டு மாணவன். அப்பா பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிறவர். அம்மா தீப்பெட்டி ஒட்டியவர். எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் தெருவில் யாருக்கு எந்த விண்ணப்பம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். அப்படிப் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. பாஸ்போர்ட்டோடு வந்தவர்

ஒரு இந்தியரை மணந்த வெளிநாட்டவர் பாஸ்போர்ட், விசாவோடு முறையாக வந்திருந்தால் அவருக்கு மூன்று படிகள் உண்டு. முதல் படி, கணவன் அல்லது மனைவி என்ற முறையில் விசா வாங்கி, பதிவு அலுவலரிடம் பதிந்து, அவ்வப்போது நீட்டித்துக்கொண்டு வாழ்வது. இரண்டாவது, திருமணம் பதிவாகி இரண்டு வருஷம் நீடித்திருந்தால் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிப்பது. அந்த அட்டை இருந்தால் ஆயுள் முழுக்க வந்து போகலாம், தங்கலாம். ஆனால் ஓட்டுரிமை கிடையாது. பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களாக இருந்தவர்களுக்கு இந்த அட்டை இல்லை.

மூன்றாவது படிதான் குடியுரிமை. 1955-ம் வருஷக் குடியுரிமைச் சட்டம் 5-வது பிரிவின்படி, இந்தியரை மணந்தவர் இங்கே ஏழு வருஷம் வாழ்ந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். கவனியுங்கள், விண்ணப்பிக்கலாம் என்றுதான் இருக்கிறது. கிடைத்தே தீரும் என்று இல்லை.

2. படகில் வந்தவர்

நம் மாவட்டத்துக் கதை இங்கேதான் வருகிறது. குல்லூர்சந்தை, செவலூர், கண்டியாபுரம் என்று முகாம்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். 2021-ல் தமிழக அரசு சொன்ன கணக்குப்படி மாநிலம் முழுக்க 108 முகாம்களில் 58,822 பேர். அந்த வருஷம்தான் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை மாற்றி 'மறுவாழ்வு முகாம்' என்று அறிவித்தார்கள்.

இவர்களில் பலரின் முன்னோர் நம்ம பக்கத்து ஆட்களே. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. அந்தக் கணக்கில் ஒழுங்காக வந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. கலவரத்தில் உயிர் பிழைக்க ஓடி வந்தவர்களுக்கு அந்தத் தாள் கையில் இல்லை.

உயிருக்குப் பயந்து படகேறுகிறவன் விசா வாங்கிக்கொண்டா வருவான்? ஆனால் பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்தவரைச் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது. 5-வது பிரிவில் விண்ணப்பிக்க இந்தப் பெயர் இருக்கக்கூடாது. அதனால் முகாமில் பதிவு பெற்ற ஒருவர் சிவகாசிப் பெண்ணைக் கட்டினாலும், ஏழு வருஷம் என்ன, இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்தாலும், கதவு திறப்பதில்லை. கல்யாணம் செல்லும். குடும்ப வாழ்க்கை செல்லும். குடியுரிமை மட்டும் வராது.

3. பிள்ளைகள்: சீரீஸா, பேரலலா?

நம்ம பாடத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. இந்தியாவில் பிறந்த குழந்தைக்குச் சட்டம் மூன்று காலத்தில் மூன்று விதமாக வயரிங் செய்திருக்கிறது.

முதல் காலம்: 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை பிறந்தவர்கள். இது நேரடி கனெக்‌ஷன். பெற்றோர் யாராக இருந்தாலும் (தூதரக அதிகாரி போன்ற சிலரைத் தவிர) இங்கே பிறந்தால் போதும், குடியுரிமை உண்டு.

இரண்டாம் காலம்: 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை. இது பேரலல் சர்க்யூட். அப்பா, அம்மா இருவரில் ஒருவர் இந்தியராக இருந்தால் விளக்கு எரியும்.

மூன்றாம் காலம்: 2004 டிசம்பர் 3 முதல் இன்று வரை. இது சீரீஸ் சர்க்யூட். இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராக இருக்க வேண்டும். ஒரு ஸ்விட்ச் ஆஃப் ஆனாலும் விளக்கு எரியாது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது, நம்மோடு லேப்பில் நிற்கிற ஒரு நண்பன். பெயர் வேண்டாம். அவன் அப்பா 1990-ல் சின்னப் பையனாகப் படகில் வந்தவர், இப்போது பெயின்ட் அடிக்கிறார். அம்மா சிவகாசிப் பக்கம், பட்டாசு வேலை. அவன் பிறந்தது 2007. "எங்கம்மா இந்தியா, நான் பொறந்ததும் இந்தியா, பெறவு ஏன்டா எனக்குப் பாஸ்போர்ட் கிடையாதுங்கிறாங்க?" என்று கேட்டான். ஆதார் அட்டை வைத்திருக்கிறான், ஆனால் ஆதார் குடியுரிமைச் சான்று ஆகாது. மூன்று வருஷம் முன்னால் பிறந்திருந்தால் அம்மா ஒருவரே போதும். நாமெல்லாம் சிங்கப்பூர், துபாய் என்று பேசும்போது அவன் சத்தமில்லாமல் மல்டிமீட்டரைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

4. கோர்ட்டும் அரசும்

நிலைமை அப்படியே நிற்கவில்லை. 2019-ல் மதுரைக் கிளை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், முகாமில் இருந்த இந்திய வம்சாவளியினர் 65 பேர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண், மேலே சொன்ன முதல் காலக் கணக்கைக் காட்டி, 2022-ல் அதே கிளையில் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார். 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார்.

2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைச் சொல்கிறது. அதில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட உத்தரவில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். பயம் குறைந்தது, நல்லதுதான். ஆனால் குடியுரிமை தருவதாக அதில் இல்லை.

5. நாளை நாமும் வெளிநாட்டவரே

"நமக்கென்ன" என்று நினைக்காதீர்கள். நம்மில் யாராவது மேல்படிப்புக்குக் கடல் தாண்டினால், அங்கே நாம்தான் வெளிநாட்டவர். கூட வரும் மனைவியின் உரிமை நம்முடைய மாணவர் விசாவில்தான் தொங்கும். பிரிட்டனில் 2024 ஜனவரியிலிருந்து ஆராய்ச்சி மாணவர்களும், அரசு உதவித்தொகையில் படிக்கும் சிலரும்தான் குடும்பத்தை அழைத்துவர முடியும். அமெரிக்காவில் எஃப்-1 மாணவரின் துணைவர் உடன் இருக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. கனடாவில் 2025 ஜனவரியிலிருந்து, 16 மாதத்துக்குக் குறையாத முதுநிலைப் படிப்பு, முனைவர் படிப்பு, குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள் படிப்பவரின் துணைவருக்குத்தான் வேலை அனுமதி. டிப்ளமோ படிக்கப் போகிறவரின் மனைவிக்கு அது கிடையாது. "பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போயிரலாம், ரெண்டு பேரும் சம்பாதிக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால், பணம் கட்டும் முன் அந்த நாட்டு விதியைப் பாருங்கள்.

6. செய்ய வேண்டியது

திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். 2009-ம் வருஷத் தமிழ்நாடு சட்டப்படி இது எல்லாருக்கும் கட்டாயம். வெளிநாட்டவரை மணப்பவர்கள் 1954-ம் வருஷச் சிறப்புத் திருமணச் சட்டத்தில், 30 நாள் அறிவிப்புக் கொடுத்து மணக்கலாம்.

பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயரும் தேதியும் சரியாக இருக்கட்டும். ஒரு தேதி எப்படி வாழ்க்கையை மாற்றும் என்று மேலே பார்த்தோம்.

அப்பாவோ அம்மாவோ இலங்கையராக இருந்தால், பிள்ளையின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் மூலம் பதிவு செய்து அந்த நாட்டுக் குடியுரிமை கேட்க வழி உண்டு. எந்த நாடும் இல்லாதவனாக நிற்பதைவிட ஒரு நாடாவது இருப்பது மேல். ஆனால் கையெழுத்துப் போடும் முன் வக்கீலைக் கேட்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

நண்பர்களே, மூணு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டிப்ளமோ வாங்கப் போகிறோம். அந்தச் சான்றிதழில் எந்த நாட்டுக்காரன் என்ற வித்தியாசம் இல்லை. நம்ம கூடப் படிக்கிற முகாம் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதவோ, அலுவலகத்துக்குத் துணையாகப் போகவோ ஆள் தேவைப்படும். சனிக்கிழமை மதியம் சங்க அறையில் நான் இருப்பேன். தாள்களை எடுத்துக்கொண்டு வாங்க, சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.