பாலின் நீலமும் துகளின் அளவும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

எங்கள் வீட்டில் ஓர் எருமை உண்டு. நான் பள்ளியில் படித்தபோது, அம்மா ஊற்றிய பாலைத் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் டம்ளரில் தூக்கிப் பார்த்து, "நீலம் பாய்கிறது, தண்ணீர் கலந்திருக்கிறாய்" என்று சொல்லி, அந்த வாரக் காசில் பிடித்துக்கொண்டார். அம்மா ஒரு சொட்டும் கலக்கவில்லை. அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்பது, இவ்வாண்டு கூழ்மங்கள் பற்றிய பாடத்தில்தான் எனக்கு விளங்கியது.

ஏறத்தாழ 1 முதல் 1000 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்கள் நீர்மத்தில் விரவி நிற்பது கூழ்மம். இப்பெயரை 1861-இல் இட்டவர் தாமஸ் கிரகாம். இத்துகள்கள் வடிதாளில் தங்குவதில்லை. ஆயினும் ஒளிக்கற்றையைப் பாய்ச்சினால் அதன் பாதை துலங்கித் தெரியும். இதுவே டிண்டால் விளைவு.

துகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதானால், சிதறும் ஒளியின் செறிவு அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்று 1871-இல் ராலே காட்டினார். 450 நானோமீட்டர் நீல ஒளி, 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறுகிறது. பெரிய துகள்களோ எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கும். எனவே வெண்மை.

பாலில் இருவகையும் உண்டு. கேசின் துகள்கள் பெரும்பாலும் 100 முதல் 200 நானோமீட்டர். கொழுப்புத் திவலைகள் பலவும் சில ஆயிரம் நானோமீட்டர். கொழுப்பு குறைந்தால் கேசினின் நீலச் சாயல் மேலெழும். மடியிலிருந்து முதலில் இறங்கும் பாலில் கொழுப்பு குறைவு, கடைசிப் பாலில் மிகுதி. அம்மா கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிடுவது வழக்கம்!

நிறம் சிறிது, பெரிது என்றுதான் சொல்லும். எத்தனை நானோமீட்டர் என்று சொல்லாது. செறிவை அளக்கலாமே எனலாம். அதில் ஒரு தொல்லை. மிகச் சிறிய துகள்களில், விட்டம் இரு மடங்கானால் ஒரு துகள் சிதறடிக்கும் ஒளி 64 மடங்காகும். ஒரு தூசி விழுந்தாலும் கணக்குக் கெடும்.

1960-இல் லேசர் பிறந்தபின் வந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. துகள்கள் பிரௌனியன் இயக்கத்தால் ஓயாமல் அலைகின்றன. அதனால் சிதறிய ஒளி மினுமினுக்கிறது. சிறிய துகள் விரைந்து அலையும், மினுக்கமும் விரைவு, பெரியது மெதுவாக. மினுக்கத்தின் வேகத்திலிருந்து விரவல் எண்ணையும், அதிலிருந்து ஸ்டோக்ஸ்-ஐன்ஸ்டீன் சமன்பாட்டால் விட்டத்தையும் பெறுகிறார்கள். வெப்பநிலையும் நீர்மத்தின் பாகுநிலையும் தெரிந்திருந்தால் போதும். கிடைக்கும் விட்டத்தில், துகள் தன்னோடு இழுத்துச் செல்லும் நீர்ப்படலமும் அடங்கும் என்பதை மறக்கலாகாது.

அந்தக் கருவி என்னிடம் இல்லை. பொங்கல் விடுமுறையில் இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முதற்பாலையும் கடைசிப் பாலையும் சில சொட்டு விட்டு, இருட்டில் டார்ச் அடித்தேன். முதலாவது நீலமாயிற்று, இரண்டாவது வெளுத்தே நின்றது. அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதை அந்தக் கடைக்காரரிடம் போய்க் காட்டு" என்றார்.