சிரிப்போம், கேள்வியும் கேட்போம்

‘படையப்பா’ (1999) படம் போட்டால் எங்கள் வீட்டில் வேலை ஓடாது. ரஜினிகாந்த் துண்டை வீசி ஊஞ்சலை இறக்கி, ரம்யா கிருஷ்ணனின் நீலாம்பரிக்கு எதிரே அமரும்போது, ‘நடக்கிற காரியமா!’ என்று சிரித்தபடியே கைதட்டுவேன். பெண் எப்படி இருக்கவேண்டும் என்று அவர் போதிக்கும் இடத்திலும் கேலியாகத்தான் சிரித்தேன்.

தில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் சிரிக்கவில்லை. “நம்ம ஊர்ல பொண்ணுங்க அப்படித்தான் இருக்கணுமாப்பா?” என்றாள்.

ஊரை அவள் அதிகமும் பார்ப்பது திரையில்தான். என் கேலி அவளுக்கு ஆமோதிப்பாகவே தெரிந்திருக்கிறது.

இப்போது படம் முடிந்ததும் இரண்டு கேள்விகள் கேட்டுப் பேசுகிறோம். பெற்றோர்களே, நீங்களும் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்:

1. திமிர் நாயகனுக்கு அழகு, நீலாம்பரிக்கு மட்டும் குற்றமானது ஏன்?

2. நாம் எந்த இடத்தில் கைதட்டினோம், எதற்காக?

கைதட்டலை நாங்கள் இன்னும் நிறுத்தவில்லை.